எப்சிபா உட்கார்ந்த இடம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் தோளில் கை வைக்காமல் சிரித்து முடிக்க முடியாத சிரிப்பு. ஆனால் அது இப்போதே வராது. பிந்தி வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரம் நின்று, பாதிரி ஐயர் கண்ணை மூடி ஜெபிக்கிற நேரம் பார்த்து நைசாக உள்ளே நுழைவார்களே, அதுபோல அந்தச் சிரிப்பு வெளியே எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறது. அது வரும்வரைக்கும் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்து, அதற்கு ஓர் இடம் விட்டு வைக்க வேண்டும்.

இடம் விடுவது ஏலிம்விளைக் கோயிலில் லேசான காரியமில்லை. உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள், நடுவில் சிவப்புக் கம்பளம். அந்தக் கம்பளத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போக உரிமை உள்ளவை காணிக்கைப் பை, கல்யாணப்பெண், சவப்பெட்டி, அப்புறம் யாரும் துரத்தாத ஒரு பூனை, அவ்வளவுதான். பக்கத்துக்குப் பதினோரு பெஞ்சு. எந்தப் பெஞ்சிலும் யார் பெயரும் எழுதியிருக்காது, ஆனால் இன்னாருக்கு இன்ன இடம் என்பது தேக்குக்கே தெரியும். இடம் மாறி உட்கார்ந்தவரை யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். "இருங்க, இருங்க" என்று சொல்லிவிட்டு, ஆராதனை முடியும்வரை பிடரியில் பார்வையால் குத்திக்கொண்டிருப்பார்கள்.

இப்படி இருக்கையில், ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, பெண் எடுத்த வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்த மதுரைப் புதுமாப்பிள்ளை ஒருவர், விவரம் தெரியாமல், ஊருக்குப் போயிருந்த பால்கடை இஸ்ரவேலின் இடத்தில் உட்கார்ந்து, முதல் பாட்டுக்கு வாயைத் திறந்தார். வந்தது இஸ்ரவேலின் குரல், வெற்றிலைக் கரகரப்போடு, ஒவ்வொரு அடிக்கும் கடைசியில் அந்தச் செருமலோடு. மாப்பிள்ளை நிறுத்தவில்லை, மாமனார் ஊரில் பாதியில் நிறுத்தினால் மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். விசுவாசப் பிரமாணம் முடிவதற்குள் இடம் மாறி உட்கார்ந்திருந்த இன்னும் மூன்று பேர் அடுத்தவர் குரலில் ஆமென் சொல்லிவிட்டார்கள், எழுந்ததும் அவரவர் குரல் அவரவருக்குத் திரும்பிவிட்டது, ஐயர் ஆசீர்வாதம் கூறினார், எல்லாரும் வெளியே வந்து செருப்பைத் தேடினார்கள். இது ஏன் நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது இதைத்தான்: "அடுத்த வாரம் நீங்க எங்க உக்காருதீங்க?"

அடுத்த வாரம் முதல் மணி அடிப்பதற்கு முன்பே பெஞ்சுகளில் கைக்குட்டைகளும் வேதப்புத்தகங்களும் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தன. கொயரில் பாடுகிற, நல்ல குரலுள்ள சாந்தசீலன் இடத்துக்கு நான்கு பேர் அடித்துப் பிடித்ததில் சாந்தசீலனே நிற்க வேண்டியதாயிற்று. ஒரு மாமியாரும் மருமகளும் ஐயர் சொற்படி ஒரு மாதம் இடம் மாறி உட்கார்ந்து, தான் பேசினால் எப்படி இருக்கும் என்பதை அடுத்தவள் வாயால் கேட்டுக் கேட்டு, மாதக் கடைசியில் சண்டையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். வாடகைக்குப் போய்வருகிற பிளாஸ்டிக் நாற்காலிகளில் யார் குரலும் ஒட்டவில்லை. ஆகவே விருந்தாளிகள் எல்லாரும் இனி நாற்காலியில். கமிட்டிச் செயலர் இதையெல்லாம் வழக்கமான இழுவையில் அறிவித்தார்: "ஆகவே... சபையார்... தத்தம் இருக்கைகளில்... தத்தம் குரல்களோடு... அமரும்படி... அன்போடு..." அவர் முடிப்பதற்குள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

இறந்தவர்களின் குரலும் இருக்கிறது என்று மூன்றாம் வாரம் தெரிந்தது. அதில்தான் ஒரு முடிச்சு. நாற்பது வருஷம் முதல் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டர் சற்குணம் சார் இடத்தில் அவர் மகன்கள் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தும் அவரவர் குரலே வந்தது. "உயிரோட இருக்கும்போதே எங்கப்பா ஒண்ணும் தரமாட்டாரு" என்று மூத்தவர் எழுந்துவிட்டார். பிறகு ஒரு நாள் பிந்தி வந்த தையல்காரர் ஒருவர் கதவோரம் பதினோராம் பெஞ்சில் ஒண்டிக்கொண்டு, பக்கத்து ஆளிடம் "என்ன பாட்டு?" என்று மெல்லக் கேட்க வாயைத் திறந்தால், வந்தது சற்குணம் சார் குரல், கோயில் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு கடைசி இரண்டு மாதம் வேண்டுமென்றே பிந்தி வந்து, காற்று வரும் அந்த மூலையில் உட்கார்ந்து, பிரசங்கத்தில் அவர் சொக்கி விழுந்தது அப்போதுதான் ஊருக்கு ஞாபகம் வந்தது. "ஊர் நம்மள உக்கார வச்ச எடம் ஒண்ணு, நாமளா தேடி உக்காந்த எடம் ஒண்ணு" என்றார் ஐயர். "ரெண்டாவதுலதான் போலிருக்கு." ஊர் தலையாட்டிவிட்டு மறந்துவிட்டது. பியூலாவும் மறந்துவிட்டாள். அவள் மட்டும் மறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

பியூலாவுக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன். அடுத்தவர் குரலைப் பிடிக்க அவளுக்கு ஓர் இடமும் தேவைப்பட்டதில்லை. ஐயர், ஐயரம்மா, ரேஷன் கடைக்காரர், ஐந்தாம் நம்பர் பஸ் கண்டக்டர், கண்டக்டரின் விசில், விசில் சத்தத்துக்குக் குரைக்கும் நாய், எல்லாம் அவள் தொண்டைக்குள் வரிசையாக இடம்பிடித்து உட்கார்ந்திருந்தன. போன வருஷம் மாதர் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே நின்று ஐயர் குரலில் "எழுந்து நிற்போம்" என்றாள், இருபத்திரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள், "உட்காருவோம்" என்றாள், உட்கார்ந்தார்கள், மூன்றாம் தடவைதான் ஐயரம்மாவுக்கு, தன் வீட்டுக்காரர் திருநெல்வேலிக்குப் போயிருப்பது ஞாபகம் வந்தது. இப்படிப்பட்டவளுக்கும் பிடிபடாமல் இருந்தது ஒன்றே ஒன்று: அவள் அம்மா எப்சிபாவின் சிரிப்பு.

எப்சிபா சிரிக்கும்போது முதலில் மூச்சு உள்ளே போகும், கிணற்று உருளையில் கயிறு வழுக்குகிற மாதிரி ஒரு 'க்'. பிறகு ஒன்றும் இருக்காது. அவ்வளவுதான் போல, அடக்கிக்கொண்டாள் என்று எல்லாரும் அடுத்த பேச்சுக்குப் போன பிறகு, யாரும் எதிர்பாராத இடத்தில், அடுக்கி வைத்த மூடிகள் அலமாரியிலிருந்து சரிகிற மாதிரி அது வந்து விழும். அந்த நடு இடைவெளியில் அவள் என்ன செய்தாள் என்பதுதான் பியூலாவுக்குப் பிடிபடவில்லை. அம்மா உயிரோடு இருந்தபோது செய்து காட்டியிருக்கிறாள். அம்மா அதைக் கேட்டு, 'க்' என்று இழுத்து, நிறுத்தி, அசல் சிரிப்பைச் சிரித்து அவளைத் தோற்கடித்துவிடுவாள்.

போன ஆடியில் மூன்று நாள் காய்ச்சலில் எப்சிபா போய்விட்டாள். லோடு வேன் ஓட்டும் அவள் புருஷன் தங்கப்பழம் அப்போது விஜயவாடாவில் மிளகாய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்தபோது முகத்துணியை விலக்கிக் காட்டினார்கள். அன்றிலிருந்து அவர் திருவிருந்தின் அப்பத்தை எடுக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாரும் எழுந்து பீடத்துக்கு முன் முழங்காலிடப் போகும்போது அவர் மட்டும் ஆண்கள் பக்கம் நாலாம் பெஞ்சில், ஜன்னலோரம், தன் இடத்தில் உட்கார்ந்தே இருப்பார். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அதைத் தீர்க்காமல் அந்த அப்பத்தைத் தொடக்கூடாது என்பது ஏலிம்விளைக்காரர்களுக்குப் பால்குடியிலேயே சொல்லித் தருவது. செத்தவளோடு என்ன மனஸ்தாபம் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

சற்குணம் சார் குரல் கேட்ட அன்று மத்தியானம், சோற்றில் குழம்பை ஊற்றாமலே பிசைந்துகொண்டு தங்கப்பழம் சொன்னார்: "பியூலா, நான் அந்தப் பக்கம் வந்து உக்கார முடியாது. நீ உக்காரலாம். அம்மா எடத்துல."

பெண்கள் பக்கம் ஐந்தாம் பெஞ்சு, தூணோரம். எப்சிபா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினேழு வருஷம் உட்கார்ந்த இடம். அடுத்த ஞாயிறு பியூலா அங்கே போய் உட்கார்ந்தாள். கம்பளத்துக்கு அந்தப் பக்கம் அப்பா பாட்டுப் புஸ்தகத்தைத் திறக்காமல், தலையைக் கவிழ்த்து, ஒரு காதை மட்டும் இந்தப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். ஆர்மோனியம் எடுத்துக் கொடுத்தது. பியூலா பாடினாள். அவளுடைய குரல்தான் வந்தது.

ஓர் அடி முழுக்க அவளுடைய குரல். அம்மா இங்கே இல்லை, போகும்போது குரலையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தாள். எதிர்ப்பக்கம் அந்தக் காது இன்னும் திரும்பியே இருந்தது. இரண்டாம் அடிக்குப் பியூலா தொண்டையை இறக்கி, 'ர்' வருகிற இடத்தில் கொஞ்சம் நீட்டி, அம்மாவை எடுத்தாள். அப்பாவின் தோள் ஒரு தடவை குலுங்கி நின்றது. அவ்வளவுதான், இனி வந்த வழியே திரும்பிப் போக முடியாது.

"மொத அடி உன் குரல், ரெண்டாவது அடி உங்கம்மை குரல். அது எப்படிட்டி?" என்றாள் பக்கத்து இடத்து ரூபவதி, ஜெபத்துக்குக் குனிந்தபடி.

"தூரத்துலேருந்து வரணும்லா பெரியம்மா. நேரமாகாதா?"

ரூபவதி எப்சிபாவின் சிநேகிதி. பதினேழு வருஷம் தோளுக்குத் தோள் உட்கார்ந்தவள். "அப்படின்னா அவட்ட கேளு," என்றாள். "என் முறுக்கு அச்சை எங்க வச்சான்னு. முந்தின கிறிஸ்மஸுக்கு வாங்கிட்டுப் போனவ."

"இப்ப பாட்டுதான் பெரியம்மா வருது, பேச்சு இன்னும் வரல."

பேச்சு வரவேண்டிய நாளும் வந்தது. இறந்தவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்க ஆராதனை முடிந்ததும் கால்மணி நேரம் ஒதுக்கினார்கள், கேள்வி நேரம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு வீட்டில் கொடுக்கல் வாங்கல், ஒரு வீட்டில் காணாமல் போன சாவி, ஒரு கிழவர் தன் அண்ணனிடம் "சாப்பிட்டியா" என்று மட்டும் ஒவ்வொரு வாரமும் கேட்டுவிட்டுப் போவார். தங்கப்பழம் கம்பள ஓரத்தில், ஒரு நூல்கூட மிதிக்காமல் வந்து நிற்பார். பியூலா அம்மா குரலில் சின்னச் சின்னதாகப் பேசினாள். வேனுக்கு எண்ணெய் மாத்தியாச்சா, இருமலுக்கு மருந்து குடிச்சீங்களா, பிள்ளைய ஏசாதீங்க. கடைசியில் சொன்னதைத் தனக்காகவும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள். முதல் இரண்டு வாரம் உள்ளுக்குள் குஷியாகத்தான் இருந்தது, அது பொய்யில்லை. இத்தனை பெரிய ஏமாற்று ஏலிம்விளையில் இதுவரை யாரும் செய்ததில்லை. மூன்றாம் வாரம் அப்பா முகச்சவரம் செய்துகொண்டு வந்தபோது அவரை நிமிர்ந்து பார்க்காமலே பேசி முடித்தாள்.

நாலாம் வாரம் அவர் கேட்டார். "எப்சி. எம்மேல உள்ள கோவம் தீந்துட்டா?"

"எனக்கு என்னங்க கோவம்?" என்றாள் பியூலா, அம்மாவாக.

"அப்ப ஒரு தடவ சிரி."

பியூலா தூணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இப்பவா?"

"இப்ப வேண்டாம். அடுத்த ஞாயிறு திருவிருந்து. அதுக்கு முன்னால சிரி. நீ சிரிச்சா நான் போய் முழங்கால் போடுவேன்."

அன்று வீட்டில் அவர் பியூலாவிடம், பியூலாவாகவே நினைத்து, சொன்னார். "உங்கம்மைக்கும் எனக்கும் கடைசிச் சண்டை எதுக்குன்னு தெரியுமா? எங்க உக்காரதுன்னு. மெட்ராஸ்ல ஒரு கல்யாணத்துக்குப் போனோம்லா, அங்க கோயில்ல புருசன் பெஞ்சாதி எல்லாம் ஒரே பெஞ்சுல. வந்ததுலேருந்து நாமளும் அப்படி உக்காருவோம், நீங்க ஒரு வார்த்தை கமிட்டில சொல்லுங்கன்னா. ஊரே சிரிக்கும்னேன். சிரிக்கட்டுமே, நானும் சேந்து சிரிக்கேன்னா. நான் கத்திப்புட்டேன். அடுத்த ஞாயிறு பாத்தா அவ எடத்துல அவ இல்ல. சின்னப் பிள்ளைகளப் பாத்துக்க ஆளில்லைன்னு பாயைத் தூக்கிட்டு வராந்தாவுக்குப் போயிட்டா. 'கூட உக்காருன்னா மாட்டேன்னுட்டான், அவன் இருக்க கூரைக்குள்ளயே நான் உக்கார மாட்டேன்'னு நெனச்சுத்தான் போயிட்டா. மூணு மாசம். அந்த மூணு மாசமும் வீட்டுல எம்முன்னால ஒரு தடவ சிரிக்கல. அப்புறம் போயிட்டா."

பியூலா மொண்டு வந்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, அவரே தொடர்ந்தார்.

"நாக்பூர் லைன்ல லாரிக்கு ஆள் கேக்காங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவதான் வர முடியும். உன்ன போர்டிங்ல சேத்துருவேன். அவ சிரிச்சான்னா போகல. சிரிக்கலைன்னா, இந்தக் கோயிலுக்குள்ள நான் இருக்கதே அவளுக்குப் பிடிக்கலைன்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமை லாரி பஸ் ஸ்டாண்டுக்கே வந்துரும்."

ஆக, ஒரு சிரிப்பு. ஆறு நாள். பியூலா பம்ப் செட்டு ஓடும் சத்தத்தில் சிரித்துப் பார்த்தாள், பஸ்ஸில் கடைசி சீட்டில் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துப் பார்த்தாள், பள்ளிக்கூடத்துக் குழாயடியில் சிரித்ததற்கு ஒரு டீச்சர் "என்னம்மா, நெஞ்சு அடைக்குதா" என்று முதுகில் தட்டினார். 'க்' வந்தது. நிறுத்தமும் வந்தது. அதற்கு அப்புறம் எட்டிப் பார்த்தது எல்லாம் அவளுடைய சொந்தச் சிரிப்பு, அல்லது ஐயரம்மா சிரிப்பு, ஒரு தடவை வெள்ளாட்டுக் குட்டி. வெள்ளிக்கிழமை நிறுத்தத்துக்கு அப்புறம் அழுகை வந்தது. அது யாருடைய மாதிரியும் இல்லாமல் இருந்ததால் அவளுக்கே பயமாகிவிட்டது.

சனிக்கிழமை கோயில் பெருக்கப் போனபோது, மணியடித்து விளக்குத் துடைக்கும் கோயில்குட்டியார் சுண்ணாம்பு வாளியோடு வராந்தாவில் நின்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். "மூணு கோட்டிங். மூணு. மறுபடி எண்ணெய்க் கறை மேல வருது. எவ தலையிலதான் இவ்வளவு எண்ணெய் தேச்சாளோ." பியூலா நின்று பார்க்கவில்லை. பின்னாலிருந்து ரூபவதி வந்து முழங்கையைப் பிடித்தாள்.

"நாளைக்கு நான் உங்கம்மை எடத்துல உக்காருதேன்."

"பெரியம்மா, நாளைக்கு வேண்டாம்."

"ஒரே ஒரு நாள். அவ குரல் என் வாயில வரட்டுமே. பதினேழு வருசம் பக்கத்துல இருந்தவ நான். உனக்கு மட்டுந்தான் அம்மையா?"

ரூபவதி அங்கே உட்கார்ந்தால் ரூபவதி குரல்தான் வரும். ஒரே ஆமென், எல்லாம் முடிந்தது. ஞாயிறு விடிவதற்கு முன்பே பியூலா தலைகூடச் சரியாகச் சீவாமல் ஓடினாள், முதல் மணி அடிக்கவில்லை, கதவு அப்போதுதான் திறந்திருந்தது, ஐந்தாம் பெஞ்சு தூணோரம் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ரூபவதி உட்கார்ந்திருந்தாள்.

"வா," என்றாள் ரூபவதி. ரூபவதியின் குரல்.

பியூலா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அரை மணி நேரமா உக்காந்திருக்கேன். இருமிப் பாத்தேன், பாடிப் பாத்தேன், அவளுக்குப் பிடிச்ச சங்கீதம் சொல்லிப் பாத்தேன். எங்குரல்தான்." ரூபவதி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "முறுக்கு அச்சு உங்க வீட்டுப் பரண்லதாம்ட்டி இருக்கும்."

"பெரியம்மா, அப்பாட்ட சொல்லிராதீங்க."

"இன்னைக்குச் சிரிக்கணும்லா. வருமா?"

"வராது."

"எனக்கும் வராது. நானும் ராத்திரி செஞ்சு பாத்தேன்." அவள் நகர்ந்து இடம் விட்டாள். "சரி, உக்காரு. ரெண்டு பேரும் முழிப்போம்."

அன்று அந்தச் சிரிப்பைக் கேட்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள். நாற்காலிகள் மணிக்கூண்டு வரைக்கும் போட்டிருந்தார்கள். இரண்டாம் மணி அடித்தது, மூன்றாம் மணி அடித்தது, ஆண்கள் பக்கம் நாலாம் பெஞ்சில் ஜன்னலோரம் ஒரு கைக்குட்டை மட்டும் விரித்திருந்தது. தங்கப்பழம் உள்ளே வரவில்லை. முதல் பாட்டின்போது பியூலா அவரைக் கண்டுபிடித்தாள்: வராந்தாவில், அந்த ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே, தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தார். சிரித்தால் உள்ளே வருவார். இல்லாவிட்டால் படி இறங்கிப் போக வசதியாக நின்றிருக்கிறார். பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஒரு லாரி ஹாரன் கேட்டது, நாக்பூர் அவசரத்தில்.

பாட்டு, பாவ அறிக்கை, வேதபாடம் ஒன்று, வேதபாடம் இரண்டு. பிரசங்கத்தின் நடுவில் மறுபடி பார்த்தபோது கம்பிகளுக்கு வெளியே தலை இல்லை. பிறகு ஜன்னல் திண்டில் நாலு விரல் தெரிந்தது. நின்று நின்று கால் ஓய்ந்து, கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார், கை மட்டும் மேலே பற்றியிருக்கிறது. அதுவரைக்கும் அவர் ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லவில்லை, பாடவில்லை, ஆமென்கூடச் சொல்லவில்லை.

திருவிருந்து ஞாயிறுகளில் கேள்வி நேரத்தை முன்னாலேயே வைத்திருந்தார்கள். ஐயர் பாத்திரத்தை மூடியிருந்த வெள்ளைத் துணியில் கை வைத்துக்கொண்டு, "யாரோடாவது மனஸ்தாபம் உள்ளவர்கள்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், ஐந்தாம் பெஞ்சைப் பார்த்தார். ஊரே ஐந்தாம் பெஞ்சைப் பார்த்தது. ரூபவதி, பார்க்க முடியாமல், கண்ணை மூடிக்கொண்டாள்.

பியூலா மூச்சை உள்ளே இழுத்தாள். 'க்' வந்தது, அச்சு அசலாக வந்தது, முன்வரிசையில் யாரோ ஒருத்தி "எப்சியேதான்" என்றாள். பிறகு நிறுத்தம். நிறுத்தம் நீண்டது. இன்னும் நீண்டது. அந்தப் பக்கம் நாலு விரலும் திண்டை இறுக்கிப் பிடித்திருந்தன. நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, படியில்லாத கிணறு மாதிரி வெறும் இருட்டு. இனி அதை மூட வேண்டும். அம்மா குரலில், நடுங்காமல், சொன்னாள்:

"இந்தாங்க, இன்னைக்கு வர மாட்டேங்குது. அடுத்த வாரம் சிரிக்கட்டுமா?"

விரல்கள் திண்டிலிருந்து ஒவ்வொன்றாக விடுபட்டன.

"சரி எப்சி," என்றது வராந்தா. "நான் போயிட்டு வாரேன்."

அது எப்சிபாவின் குரல்.

பியூலா வாயைத் திறக்கவே இல்லை. ரூபவதி கண்ணைத் திறந்து அவள் தொடையைக் கிள்ளினாள். "நீயாட்டி?" பியூலா இல்லை என்று தலையாட்டினாள். சபை பெண்கள் பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பியது.

"யாரு பேசுதது?" என்றது வராந்தா, அதே குரலில், பக்கத்தில் யாரோ இருக்கிற பயத்தோடு.

பயத்தில் பியூலாவுக்குப் பழக்கம்தான் கைகொடுத்தது. "நாந்தாங்க. எப்சிபா."

"நீ எப்சிபான்னா, இங்ஙன இருந்து பேசுதது யாரு?"

ஐயர் துணியை எடுத்துவிட்டு மறுபடி மூடினார். கமிட்டிச் செயலர் எழுந்தார், எழுந்து என்ன சொல்ல என்று தெரியாமல் உட்கார்ந்தார். வெளியே பை தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு சுவரில் உள்ளங்கை உராயும் சத்தம், மெதுவாக, ஒரே இடத்தில், சுற்றிச் சுற்றி. அவர் எதைத் தடவிப் பார்க்கிறார் என்று பியூலாவுக்கு அப்போது விளங்கியது. மூன்று கோட்டிங்குக்கும் போகாத எண்ணெய்க் கறை. மூணு மாசம் ஞாயிறு தவறாமல் பிள்ளைகளை முன்னால் பாயில் உட்கார வைத்துவிட்டு, ஒரு தலை சாய்ந்து சாய்ந்து பிடித்த கறை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நாலாம் பெஞ்சின் ஓரம். நடுவில் ஒன்றரையடிச் சுவர். இத்தனை பெரிய வராந்தாவில் அம்மா வேறெங்கும் உட்காரவில்லை. ஊர் சிரிக்காதபடிக்கு, கமிட்டியைக் கேட்காதபடிக்கு, அவருக்கே தெரியாதபடிக்கு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

நாலு விரல் மறுபடி திண்டுக்கு வந்தது. இந்தத் தடவை அது கம்பிக்குள் நுழைந்து, உள்ளே எட்டி, நாலாம் பெஞ்சின் ஓரத்தைத் தொட்டது. எட்டியது. அங்கே விரித்திருந்த தன் கைக்குட்டையை விரல் நுனியால் கொஞ்சம் தள்ளிவிட்டது, இன்னொருவருக்கு இடம் விடுகிற மாதிரி.

"பியூலா," என்றது வராந்தா. தயிர்ச் சட்டி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அம்மா கூப்பிடுவாளே, அந்த இழுப்பு.

பியூலாவுக்கு எந்தக் குரலில் பதில் சொல்வது என்று தெரியவில்லை. "அம்மா" என்று சொல்ல வாயெடுத்தாள், "அப்பா" என்று வந்தது, அவளுடைய சொந்தக் குரலில்.

"இத்தன வாரமும் நீயாட்டி?"

அப்புறம் மூச்சு உள்ளே போனது. கிணற்று உருளையில் கயிறு வழுக்குகிற 'க்'.

பிறகு ஒன்றும் இல்லை. மின்விசிறி ஓடியது. லாரி ஹாரன் அடித்தது. யாரும் துரத்தாத பூனை கம்பளத்தைத் தாண்டிப் போனது. அவ்வளவுதான் போல, அடக்கிக்கொண்டார் என்று ஐயர் பாத்திரத்தின் பக்கம் திரும்பினார், செயலர் பெருமூச்சு விட்டார், சபை ஒருமுறை அசைந்து உட்கார்ந்தது. பியூலா மட்டும் அசையவில்லை. ரூபவதியின் தோளில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இத்தனை நாள் வெளியே நின்றுகொண்டிருந்தது, நாலாம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து விழுந்தது.